பால் விடாத கீரை

எங்கள் வீட்டில் கீரை என்பது சாப்பாடு அல்ல, ஒறுத்தல். குருநகரில் கடற்கரைக்குக் கிட்டத்தான் வீடு. ஐயா கடலுக்குப் போனார், ஐயாவின் ஐயாவும் போனார், அவர்களுக்குப் பின் அண்ணை போனார். காலையில் பழஞ்சோற்றோடு மீன், மத்தியானம் சோற்றோடு மீன், இரவில் பேக்கரிப் பாணைத் தோய்க்க மீன் சொதி. தப்பித்தவறி ஒரு நாள் சாப்பாட்டுக் கோப்பையில் பச்சையாக ஏதும் கிடந்தால், ஐயா கையை வைக்காமல் அம்மாவை நிமிர்ந்து பார்ப்பார்.

"வீட்டிலை ஆருக்குச் சுகமில்லை?" என்பார்.

தபசுகாலம் வந்தால் மட்டும் அவருடைய வாய் அடங்கும். அந்த நாற்பது நாளில் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி சாப்பிடக் கூடாது என்பது கோயில் கட்டளை. மீன் சாப்பிடலாம். ஊர் முழுக்கச் சாப்பிட்டது. எங்கள் அம்மாவுக்கு மட்டும் அது சரிப்பட்டு வரவில்லை.

"நாங்கள் இறைச்சி தின்னுறதே நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும். அதை விடுறது என்ன ஒறுத்தல்? ஆண்டவரோடை அளாப்பிறதோ?" என்று கேட்பா. விளையாட்டில் கள்ளம் செய்வதைத்தான் நாங்கள் அளாப்புவது என்போம். ஆகவே வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன்சட்டி கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கும். அடுப்பில் கீரை அவியும். முருங்கையிலை, பசளி, பொன்னாங்காணி, எது அகப்பட்டதோ அது. தண்ணீர், உப்பு, கீறிய பச்சைமிளகாய் ஒன்று. தேங்காய்ப்பால் இல்லை, எண்ணெய் இல்லை, தாளிதம் இல்லை. நான் ஒரு தரம் பால் விட்டால் என்ன என்று கேட்டுவிட்டேன்.

"பால் விட்டால் ருசி வந்திடும். ருசி வந்தால் பிறகென்ன ஒறுத்தல்?"

இந்த நியாயத்துக்கு மறுமொழி சொல்லக்கூடிய சுவாமியார் அந்தக் காலத்தில் எங்கள் பங்கில் இருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். இன்னொரு சட்டமும் இருந்தது. கீரை கிடக்கிற கோப்பையில் மீன் கிடக்கக் கூடாது. ஏன் என்று கேட்டால், கூடாதென்றால் கூடாது. அண்ணை என்னிலும் ஏழு வயது மூத்தவர். அந்தக் கீரையை ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் அள்ளி விழுங்குவார். அம்மா கண்டால் அகப்பைக்காம்பு முதுகில் விழும். நான் சத்தமில்லாமல் சாப்பிடுவேன். எனக்கு அது அவ்வளவு மோசமாகப் படவில்லை. அதை இப்போது எழுதும்போது நாவில் அந்தக் கசப்பும் உப்பும் வருகின்றன.

நிறத்தோடு நாங்கள் ஆசையாய்ச் சாப்பிட்டது பனம்பழம் ஒன்றுதான். ஆவணி, புரட்டாதியில் அண்ணை எங்கேயாவது போய் இரண்டு பழம் கொண்டு வருவார். நெருப்பில் போட்டுச் சுட்டு, தோலை உரித்து, தும்போடு சூப்புவோம். நாடியெல்லாம் மஞ்சள் வடியும். சட்டையில் பட்டால் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. பல்லிடுக்கில் தும்பு இரண்டு நாளைக்கு நிற்கும். அந்த மஞ்சளுக்குக் கரோட்டின் என்று ஒரு பெயர் இருக்கிறது என்பது அன்றைக்கு எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் நல்லதென்று சொல்லி எங்களைக் கட்டாயப்படுத்தியிருப்பார்கள், நாங்களும் வெறுத்திருப்போம்.

பிறகு நான் படித்து மனையியல் ஆசிரியை ஆனேன். வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் முப்பது வருஷத்துக்குக் கிட்டப் படிப்பித்தேன். உணவின் நிறங்கள் என்ற பாடம் வந்தால் எனக்குத் தனி உற்சாகம். பசளியிலையை இடித்து இரண்டு கிளாசில் போடுவேன். ஒன்றில் தண்ணீர், மற்றதில் ஸ்பிரிட். இரண்டிலும், பலகையில் எழுதும் வெண்கட்டி ஒவ்வொன்றை நிமிர்த்தி நட்டு வைப்பேன். தண்ணீரில் நின்ற வெண்கட்டி நனைந்ததோடு சரி. ஸ்பிரிட்டில் நின்றதில் பச்சை மெல்ல மெல்ல ஏறும். கொஞ்ச நேரம் பொறுத்தால் பச்சைக்கு மேலே ஒரு மஞ்சள் வளையம் தனியாகப் பிரிந்து நிற்கும்.

"பச்சை இலைக்குள்ளை மஞ்சள் எங்கையிருந்து வந்தது, ரீச்சர்?" என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருப்பேன். மஞ்சள் முதலே உள்ளுக்குள் இருக்கிறது, பச்சை அதை மறைத்துக்கொண்டு நிற்கிறது என்று சொல்வேன். அந்த மஞ்சளில் லூட்டின் என்று ஒன்று. எங்கள் கண்ணின் பின்திரையில், நடுவில், மஞ்சட்புள்ளி என்று ஒரு சின்ன இடம். எழுத்து வாசிப்பதும் முகம் அடையாளம் காண்பதும் அந்த இடத்தால்தான். அங்கே இருக்கும் மஞ்சளை உடம்பு தானாகச் செய்துகொள்ளாது. கீரையிலும் சோளத்திலும் முட்டை மஞ்சட்கருவிலும் இருந்துதான் அது அங்கே போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்தால் கடும் வெளிச்சத்துக்கு ஒரு கூலிங் கிளாஸ் மாதிரி நிற்கும். பூசணி, கரட், பப்பாப்பழம், கறுத்தக்கொழும்பான் மாம்பழம் இவற்றின் நிறம் இதற்கு உறவு. அது உடம்புக்குள் விற்றமின் ஏ ஆகி மம்மல் பொழுதின் மங்கிய வெளிச்சத்தில் பார்வைக்கு உதவும். இவ்வளவும் சொல்லிவிட்டுப் பலகையில் பெரிதாக எழுதுவேன்: நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அடியில் இரண்டு கோடு. ஆகவே கீரையைப் பாலோடோ எண்ணெயோடோ சமைக்க வேண்டும், பிள்ளைகள். பிள்ளைகள் எழுதிக்கொள்ளும்.

மாலையில் வீட்டுக்கு வந்து மீன்குழம்போடு சாப்பிடுவேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

நான் கலியாணம் கட்டவில்லை. அண்ணையின் மனிசி, எனக்கு மச்சாள், செத்துப் போய் ஆறு வருஷம். அவர்களுடைய ஒரே மகன் பிரான்சில். ஆகவே பழைய வீட்டில் இப்போது அண்ணையும் நானும்தான். அண்ணை அறுபத்தெட்டு வயதிலும் வள்ளத்தில் போய்க்கொண்டிருந்தார். போகாவிட்டால் விசர் பிடித்துவிடும் என்பார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கடல் கொந்தளிக்கும் நாட்களில் அவர் வீட்டில் நின்று என் குசினியை ஒழுங்குபடுத்தத் தொடங்கினால் விசர் பிடிப்பது எனக்கு.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில், படலையடியில் நின்றுகொண்டு கேட்டார்.

"உந்த லைற்போஸ்ற் எப்ப வளைஞ்சது?"

நான் எட்டிப் பார்த்தேன். போஸ்ற் நேராகத்தான் நின்றது. சொன்னேன். அவர் ஒரு கண்ணைப் பொத்தினார், பிறகு மற்றக் கண்ணைப் பொத்தினார். உள்ளே வந்து கதிரையில் இருந்தார். பிறகுதான் உண்மை வந்தது. கடலில் தன்னுடைய இடத்தைக் கண்டுபிடிக்க அவர் கோயில் கோபுரத்தையும் தண்ணீர்த் தாங்கியையும் ஒரு கோட்டில் பிடிப்பார். மூன்று மாதமாகக் கோபுரம் நடுவில் முறிந்த மாதிரித் தெரிந்ததாம். வெயில் என்று நினைத்தாராம். மூன்று மாதமாக ஒருவருக்கும் சொல்லாமல் நினைத்துக்கொண்டே இருந்தாராம்.

கண் கிளினிக்கில் ஒரு இளம் டொக்டர் பிள்ளை நல்ல பொறுமையாக விளங்கப்படுத்தினா. இடது கண்ணில் மஞ்சட்புள்ளி பழுதாகிவிட்டது, அதைத் திருப்ப முடியாது. வலது கண்ணில் இப்போதுதான் தொடக்கம். நான் படிப்பித்த மஞ்சட்புள்ளியை எனக்கே ஒருவர் படம் கீறிக் காட்டும் நாள் வரும் என்று நான் நினைத்ததில்லை. சுருட்டை இன்றோடு விட வேண்டும். கீரை, மஞ்சள் மரக்கறி நிறையச் சாப்பிட வேண்டும். சதுரக்கோடு போட்ட ஒரு தாளைச் சுவரில் ஒட்டி, தினமும் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்க்க வேண்டும், கோடு வளைந்தால் உடனே வர வேண்டும்.

"இது குடும்பத்திலை வரக்கூடியது. கூடப்பிறந்தவையும் ஒருக்கா வந்து காட்டுறது நல்லது," என்று என்னைப் பார்த்துச் சொன்னா.

எனக்கென்ன, நான் இப்பவும் ஊசியில் நூல் கோர்க்கிறவள் என்று சொல்லிவிட்டேன்.

வரும் வழியில் பஸ்ஸில் அண்ணை ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வலது கண் நிண்டால் கடலுக்குப் போகலாம் என்ன?" ஓம் என்றேன். அது நிற்காவிட்டால் என்ன என்று அவர் கேட்கவில்லை. அன்று பின்னேரமே சுருட்டுக் கட்டைத் தூக்கி முன்வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டார். ஐம்பது வருஷப் பழக்கத்தை ஒரு பின்னேரத்தில் விட்டவரைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அந்தக் கண்ணை நிறுத்துவது என் வேலை என்று நான் முடிவெடுத்தேன். முப்பது வருஷம் படிப்பித்ததற்கு இப்போதுதான் சோதினை வந்திருக்கிறது என்று ஒரு திமிரும் இருந்தது. விடிய எழும்பிச் சந்தைக்குப் போவேன். உரும்பிராயில் இருந்து கீரை கொண்டு வரும் ஒரு அக்காவோடு சிநேகிதமானேன். செம்மண் ஒட்டிய வேரோடு, பனி காயாமல், பிடிபிடியாக அடுக்கி வைத்திருப்பா. "மீன்காரர் வீட்டுக்கு ஏன் இவ்வளவு கீரை?" என்று கேட்டா. காரணத்தைச் சொன்னதும் ஒவ்வொரு நாளும் ஒரு பிடி கூடுதலாகப் போடத் தொடங்கினா. அந்தச் சந்தையில் வெயில் ஏறுமுன் நிற்பது எனக்குப் பிடித்துப் போனது. வெட்டி வைத்த பூசணியின் வயிற்று மஞ்சளையும் பீற்றூட்டின் கடுஞ்சிவப்பையும் நான் இத்தனை வருஷம் புத்தகத்துப் படமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அண்ணையின் மகன் பிரான்சில் இருந்து ஒரு போத்தல் அனுப்பினான். மஞ்சள் குளிசைகள், லூட்டின்தான். செவ்வந்திப் பூ மாதிரி ஒரு பூவில் இருந்து எடுப்பதாம். அண்ணை போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பூவெண்டால் மாதாவுக்கு," என்று சொல்லிச் சொரூபத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். நானும் சிரித்தேன். எங்கடை கீரையிலை இல்லாததோ அதுக்குள்ளை இருக்கு என்று மகனுக்குப் போனில் பெருமையாக ஒரு பிரசங்கமும் வைத்தேன். அந்தப் பிரசங்கத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் போல இருக்கிறது.

மத்தியானம் சோறும் கீரையும். இரவுக்கு மீன். ஒன்றரை வருஷம் ஒரு நாள் தவறாமல் அப்படித்தான் நடந்தது. என்னை ஆச்சரியப்படுத்தியது அண்ணைதான். மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கிய மனுசன் ஒரு சொல் சொல்லாமல் கோப்பையை வழித்துச் சாப்பிட்டார். கீரை கூடிவிட்டது என்று சொன்னதில்லை, நாளைக்கு வேண்டாம் என்று சொன்னதில்லை. கண்ணுக்குப் பயந்துதான் இந்தப் பணிவு என்று நினைத்துக்கொண்டேன். நான் என் மத்தியானச் சோற்றை முதல்நாள் மீன்குழம்போடு குசினிக்குள் இருந்து சாப்பிட்டேன். கீரை நோயாளிக்கு உரியது என்ற ஐயாவின் எண்ணம் என் இரத்தத்தில் இருந்திருக்கிறது, படிப்பித்தும் போகவில்லை.

இதற்கிடையில் அண்ணைக்கு ஊரில் கெட்ட பெயர் வரத் தொடங்கியது. வீதியில் எதிரே வருபவர்களைக் கண்டும் காணாத மாதிரிப் போகிறார் என்று. "உங்கடை அண்ணைக்கு இப்ப நல்ல எடுப்பு. சிரிச்சாலும் மற்றப் பக்கம் பாக்கிறார்," என்று பக்கத்து வீட்டு மனிசி என்னிடமே சொன்னா. விஷயம் எனக்குத் தெரியும். இடது கண்ணில் நடுப்பார்வை போய், வலதிலும் கலங்கத் தொடங்கியவருக்குக் கண்ணின் கரைப்பார்வைதான் துணை. ஒருவரின் முகத்தை நேரே பார்த்தால் முகம் இருக்கும் இடத்தில் ஒரு சாம்பல் பொட்டு. முகத்தை ஒரு பக்கம் திருப்பினால்தான் ஓரத்தால் கொஞ்சம் பிடிபடும். எல்லாம் தெரிந்தும் நானே சில நேரம் கத்திவிடுவேன்.

"நான் இஞ்சை நிண்டு கதைக்கிறன். நீங்கள் ஆரைப் பாக்கிறியள்?"

"உன்னைத்தான்," என்பார் கதவைப் பார்த்துக்கொண்டு.

போன மாசி மாதம் கிளினிக்குக்குப் போனோம். அதே டொக்டர் பிள்ளை. கண்ணுக்கு மருந்து விட்டு, படம் பிடித்து, நெடுநேரம் பார்த்தா. வலது கண்ணில் கொஞ்சம் கூடியிருக்கிறது என்றா. பெரிதாக இல்லை, ஆனால் கூடியிருக்கிறது. என்ன சாப்பிடுகிறீர்கள் ஐயா என்று கேட்டா. நான் முந்திக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் கீரை, ஒன்றரை வருஷமாக, நான் மனையியல் படிப்பித்தவள் என்று சொன்னேன். கேட்கப்படாத கேள்விக்கும் விடை சொல்லும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு.

"நல்லது அம்மா. எப்பிடிச் சமைக்கிறனீங்கள்? வறையோ, பால்க்கறியோ?"

"அவிக்கிறது," என்றேன்.

"அவிச்சு, பிறகு பால் விடுறதோ?"

நான் வாயைத் திறந்தேன். இரண்டு கிளாசும் இரண்டு வெண்கட்டியும் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. தண்ணீரில் நின்ற வெண்கட்டி, நனைந்ததோடு சரி. ஒன்றரை வருஷம் நான் என் அண்ணையின் கண்ணை அந்தத் தண்ணீர்க் கிளாசுக்குள் நட்டு வைத்திருந்தேன். மறந்துபோய்ச் செய்ததும் அல்ல. குசினிக்குள் போய்க் கீரையைக் கையில் எடுத்தால் என் கை அம்மாவின் கையாகிவிடுகிறது. தண்ணீர், உப்பு, ஒரு பச்சைமிளகாய். கீரைக்குப் பால் விடுவது என்ற நினைப்பே அந்தக் கைக்கு இல்லை. மீனோடு சேர்க்கவும் விடவில்லை. மீன்குழம்புப் பாலில் ஒரு சொட்டாவது அந்தக் கோப்பையில் பட்டிருந்தால் கொஞ்சமாவது போய்ச் சேர்ந்திருக்கும்.

டொக்டர் பிள்ளை என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "அதாலைதான் கூடினது எண்டு சொல்லேலாது அம்மா. பால் விட்டிருந்தாலும் கூடியிருக்கலாம். சாப்பாடு ஒரு துணைதான், மருந்தில்லை. ஐயா சுருட்டை விட்டதுதான் பெரிய உதவி. இனிக் கொஞ்சம் பாலோ எண்ணெயோ சேருங்கோ, சரிதானே?" என்றா. கடலுக்குப் போகலாமோ என்று அண்ணை கேட்டார். போகலாம், ஆனால் தனியப் போக வேண்டாம், வெள்ளெனப் போய் வெயில் ஏறுமுன் வந்துவிட வேண்டும் என்றா.

வீட்டுக்கு வந்து ஒரு தேங்காயை உடைத்தேன். துருவினேன். கெட்டிப்பால் பிழிந்தேன். காலையில் வாங்கி வைத்த முருங்கையிலையை உருவி, வெங்காயம் வெட்டிப் போட்டு, பாலை விட்டு இறக்கினேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கறியை அன்றைக்குத்தான் முதல் முதலாக என் வீட்டு அடுப்பில் வைத்தேன். தேத்தண்ணிக்குப் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு, கீரையைக் கோப்பையில் போட்டு அவருக்கு முன்னால் வைத்துச் சொன்னேன்.

"அண்ணை, நான் பிழை விட்டிட்டன். ஒண்டரை வருஷமாச் சமைச்சது சரியில்லை. பால் விடாமல் சமைச்சால் அந்தச் சத்து உடம்பிலை ஒட்டாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டே விட்டிட்டன். உங்கடை கண்ணை நான்தான்..." அழுதேன்.

அவர் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். இன்னொரு வாய்.

"இது நல்லாயிருக்கு," என்றார். "இது கறி. மற்றது ஒறுத்தல்."

"பிறகேன் ஒரு நாளும் ஒண்டும் சொல்லேல்லை? கண்ணுக்கு நல்லதெண்டு நான் சொன்னதை நம்பிச் சாப்பிட்டியள். நான்..."

"கண்ணுக்கெண்டு ஆர் சாப்பிட்டது?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அவர் முகம் வாசல் பக்கம் திரும்பியிருந்தது. என்னைத்தான் பார்க்கிறார்.

"புது வள்ளம் எடுத்தனான், நினைவிருக்கோ? சண்டை முடிஞ்சு வந்த பிறகு. ஐயாவின்ரை மரவள்ளத்தை வித்துப்போட்டு," என்றார்.

நினைவிருந்தது. சுவாமியார் வந்து மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். அம்மாவைக் கதிரையில் வைத்துக் கரைக்குத் தூக்கி வந்திருந்தோம். அப்போதே அம்மா நன்றாகத் தளர்ந்திருந்தா. பார்வையும் குறைவு. வயது என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

"நான் போய் ஆசீர்வாதம் கேட்டு அவவுக்கு முன்னாலை முழங்காலிலை நிண்டனான். அவ முகத்தைத் திருப்பிப்போட்டா. அங்காலை, கடலைப் பாத்துக்கொண்டு இருந்தா. மரவள்ளத்தைக் கேக்காமல் வித்ததுக்குக் கோபம் எண்டு நினைச்சன். எல்லாச் சனத்துக்கும் முன்னாலை. எனக்குப் பொறுக்கேல்லை. அதுக்குப் பிறகு ஒரு வருஷம், அவ சாகுமட்டும், நான் அவவோடை ஒழுங்காக் கதைக்கேல்லை. சாப்பிட்டியளோ எண்டுகூடக் கேக்கேல்லை."

அது எனக்குத் தெரியும். அவர் அம்மாவின் அறைக்குள் போகாததைக் கண்டிருக்கிறேன். காரணம் மச்சாளுக்கும் அம்மாவுக்கும் ஏதோ பிணக்கு என்று நானாக ஒன்றைக் கற்பித்து வைத்திருந்தேன்.

"நீ கீரை வைக்கத் தொடங்கின கிழமைதான் எனக்கு விளங்கினது," என்றார். "வீதியிலை ஒரு பெடியன் வந்து அங்கிள் எண்டு கூப்பிட்டான். நல்லாத் தெரிஞ்ச குரல். முகத்தைப் பாப்பம் எண்டு நான் மற்றப் பக்கம் திரும்பினன். அவன் கோவிச்சுக்கொண்டு போட்டான். அந்த இடத்திலையே நிண்டிட்டன், தங்கச்சி. அம்மா என்னைப் பாக்கத்தான் முகத்தைத் திருப்பினவ."

குசினிக்குள் அடுப்பில் பால் பொங்கி வழியும் சத்தம் கேட்டது. நான் அசையவில்லை.

"அதுக்கு ஒறுத்தலாத்தான் சாப்பிட்டனான். நீ வைக்கிறது அப்பிடியே அவ வைக்கிற மாதிரியே இருந்தது. பால் விட்டிருந்தால் நான் ரெண்டு கிழமையிலை நிப்பாட்டியிருப்பன்."

முப்பது வருஷம் மஞ்சட்புள்ளியைப் பலகையில் கீறிக் காட்டியவள் நான். அம்மா நாங்கள் முன்னால் நிற்கும்போதே ஆரது என்று கேட்டதும், சுவரைப் பார்த்துக்கொண்டு எங்களோடு கதைத்ததும் என் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தன. பாடத்தையும் அம்மாவையும் நான் ஒரு நாளும் சேர்த்துப் பார்க்கவில்லை. அதை அவரிடம் சொன்னேன். உங்களுக்குப் படிப்பில்லை, எனக்கு என்ன குறை இருந்தது, நான்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சரித்து, என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்தக் கண்ணாலை பாத்தால் உனக்கு மூக்கில்லை," என்றார். "முந்தியிலும் வடிவாத்தான் இருக்கிறாய்."

எனக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மனுசனை என்ன செய்வது. அவர் கையை எடுத்தார். சிரிக்கவில்லை.

"அம்மாவுக்கு வந்தது. எனக்கு வந்தது. அந்தப் பிள்ளை டொக்டர் அண்டைக்கே சொன்னது. நீ உன்ரை கண்ணை எப்ப காட்டப் போறாய்?"

ஊசியில் நூல் கோர்க்கும் கதையைத் திரும்பச் சொல்ல வாய் எடுத்தேன். அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். ஒன்றரை வருஷமாக அந்தச் சதுரக்கோட்டுத் தாளுக்கு முன்னால் அவரை நிறுத்திக் கண்ணைப் பொத்தச் சொல்லி அதட்டிய நான், ஒரு நாளாவது என் கண் ஒன்றைப் பொத்தி அதைப் பார்த்ததில்லை. மறதி அல்ல அது. எனக்குப் பயம்.

"வாற கிழமை போவம்," என்றேன்.

"நானும் வாறன்," என்றார். "பஸ்ஸுக்கு வழி காட்ட உனக்கு ஒரு ஆள் வேணுமே."

நான் எழும்பிப் போய் அடுப்பை நிறுத்தினேன். வழிந்த பாலைத் துடைத்தேன். இன்னொரு கோப்பையை எடுத்து வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்து, எனக்கும் அந்தக் கீரையில் இரண்டு அகப்பை போட்டுக்கொண்டேன்.